சிஎல் 500 ஏபிசி சஸ்பென்ஷன்: கழற்றி எறியாமல் சரிசெய்த ஐந்து சனிக்கிழமைகள்

காலையில் வண்டியை எடுக்கப் போனபோது முன்பக்க இடது மூலை மட்டும் தரையோடு படிந்து கிடந்தது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல் நுழைய இடமில்லை. மற்ற மூன்று மூலைகளும் முந்தின இரவு விட்ட உயரத்திலேயே நின்றன. இன்ஜினைப் போட்டதும் மூக்கு மெல்ல எழுந்தது, வண்டி சமமானது. ஆனால் ஸ்டியரிங்கில் ஒரு நடுக்கம். டேஷ்போர்டில் வெள்ளை எழுத்தில், ஏபிசியைப் பட்டறையில் காட்டு என்ற செய்தி. ஏபிசி என்றால் ஆக்டிவ் பாடி கன்ட்ரோல், ஆயில் அழுத்தத்தால் வண்டியைச் சாயாமல் தாங்கும் சஸ்பென்ஷன். அதற்கு இரண்டு வாரம் கழித்து ஆட்டோபானில், அதாவது ஜெர்மனியின் அதிவேக நெடுஞ்சாலையில், அதே செய்தி சிவப்பாக வந்தது. சிவப்பு வந்தால் ஓரங்கட்டி நிறுத்த வேண்டும், அதற்கு மேல் ஓட்டக்கூடாது. வண்டி இழுவை லாரியில் ஏறி வீட்டுக்கு வந்தது.

2001 மாடல் மெர்சிடிஸ் சிஎல் 500. கம்பெனிக்குள் இதற்குப் பெயர் சி215. இரண்டு கதவு, ஐந்து லிட்டர் வி8 இன்ஜின், ஜன்னல்களை இறக்கிவிட்டால் பக்கவாட்டில் நடுத்தூணே இருக்காது. ஸ்டுட்கார்ட் பக்கம் வேலைக்கு வந்த நாளிலிருந்து இந்த வண்டிமேல் எனக்கு ஒரு கண். இது பிறந்த சிண்டல்ஃபிங்கன் தொழிற்சாலை நான் குடியிருக்கும் இடத்திலிருந்து ரயிலில் அரை மணி நேரம்தான். முந்தைய சொந்தக்காரர் நன்றாகவே வைத்திருந்தார். ஆனால் சர்வீஸ் புத்தகத்தில் எங்கேயும் ஏபிசி ஆயில் மாற்றியதாக ஒரு வரிகூட இல்லை. வாங்கும்போதே அதைக் கவனித்தேன், பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

முதலில் காட்டிய பட்டறையில் வண்டியை இருபது நிமிடம் பார்த்தார்கள். சக்கரத்துக்கு ஒன்றாக ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த நான்கு ஸ்ட்ரட், ஆயிலைத் தள்ளும் பம்ப், அதைச் சக்கரங்களுக்கு அளந்து விடும் இரண்டு வால்வு பிளாக், எல்லாம் மாற்ற வேண்டும் என்று எழுதித் தந்தார்கள். கூட்டிப் பார்த்தால் நான் வண்டிக்குக் கொடுத்த விலையைத் தாண்டியது. இரண்டாவது பட்டறையில் வேறு யோசனை சொன்னார்கள்: ஏபிசியை மொத்தமாகக் கழற்றிவிட்டுச் சாதாரண ஷாக்கும் காயில் ஸ்பிரிங்கும் போட்டுவிடலாம், அதற்கென்றே கிட் வருகிறது, இரண்டு நாள் வேலை. உண்மையைச் சொன்னால், அன்று இரவு அந்தக் கிட்டை ஆர்டர் செய்யும் பக்கம் வரை போனேன். அப்புறம் கணினியை மூடிவிட்டு, இந்த அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்று ஒழுங்காகப் படிக்க உட்கார்ந்தேன். படிக்கப் படிக்க, கழற்றி எறிய மனம் வரவில்லை.

கோயில் புறப்பாட்டில் சப்பரம் தூக்குகிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். தெரு ஒரு பக்கம் சரிந்தால் பள்ளத்துப் பக்கம் இருப்பவர்கள் தண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கைகளில் உயர்த்திப் பிடிப்பார்கள், மேட்டுப் பக்கத்தார் கொஞ்சம் குனிவார்கள். சாமி சாயாது. ஏபிசி செய்வதும் அதே வேலைதான். ஒவ்வொரு சக்கரத்திலும் சாதாரணக் காயில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் உண்டு. ஆனால் அந்த ஸ்பிரிங்கின் ஒரு முனை நேராக பாடியில் முட்டாமல் ஒரு ஹைட்ராலிக் சிலிண்டரில் முட்டி நிற்கும். வளைவில் வண்டி வெளிப்பக்கம் சாயப் பார்க்கும்போது அந்தப் பக்கச் சிலிண்டர்களுக்குள் ஆயில் பாய்ந்து ஸ்பிரிங்கை அழுத்தும், பாடி நிமிர்ந்தே நிற்கும். பிரேக் போட்டால் முன்பக்கம், வேகமெடுத்தால் பின்பக்கம். 13 சென்சார்கள் ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. பத்து மில்லி விநாடிக்கு ஒருமுறை புதுக் கணக்கு கம்ப்யூட்டருக்குப் போகிறது. விநாடிக்கு ஐந்து அசைவு வரையான மெதுவான ஆட்டங்களைச் சிலிண்டர் பார்த்துக்கொள்ளும். அதைவிட வேகமான சின்ன அதிர்வுகள் ஸ்பிரிங்குக்கும் ஷாக்குக்கும்.

1955இல் சித்ரோயன் டிஎஸ் என்ற பிரெஞ்சு கார் வந்தபோதே ஆயிலும் நைட்ரஜனும் கொண்டு வண்டியைத் தாங்கும் வித்தை வந்துவிட்டது. ஆனால் அதில் நைட்ரஜன் உருண்டைதான் ஸ்பிரிங். மெர்சிடிஸும் 1975இல் 450 எஸ்இஎல் 6.9இல் அந்த வழியில்தான் போனது. ஏபிசி வேறு பாதை. இரும்பு ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டே அதன் காலடியை அசைக்கிறது. 1991இல் சி112 என்ற மாதிரி வண்டியில் காட்டினார்கள், 1999இல் இந்த சிஎல்லில்தான் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது.

கிட் போடுவதில் உள்ள சிக்கல் இங்கேதான் புரிந்தது. வண்டி சாய்வதை ஏபிசியே தடுத்துவிடுவதால் இந்த வண்டியில் ஆன்டி-ரோல் பாரே, அதாவது இடது வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் கம்பியே, கிடையாது. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. ஏபிசியை எடுத்துவிட்டு வெறும் ஸ்பிரிங் போட்டால் 1,800 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டியை வளைவில் பிடித்து நிறுத்த ஒன்றுமே இருக்காது. அதை ஈடுகட்ட கிட்டில் கடினமான ஸ்பிரிங் தருகிறார்கள். சொகுசுக்கென்று செய்த வண்டி அதோடு குலுங்க ஆரம்பிக்கும். பம்பையும் சும்மா கழற்ற முடியாது. ஒரே தண்டில் ஏபிசி பம்பும் பவர் ஸ்டியரிங் பம்பும் சேர்ந்து சுழல்கின்றன. ஏபிசி பக்கம் தள்ளும் ஆயில் அதற்கே திரும்பும்படி குழாயை வளையமாகச் சுற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் வேறு பம்ப் தேட வேண்டும். கம்ப்யூட்டரை ஏமாற்ற ஒரு பெட்டி. இத்தனையும் முடித்தாலும் ஜெர்மனியில் சஸ்பென்ஷனை இப்படி மாற்றினால் பரிசோதகர் பார்த்து ஒப்புதல் தந்து வண்டியின் காகிதத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் வண்டி ஓடுவதற்கான அனுமதியே போய்விடும். எனக்குச் சொன்ன கிட்டுக்கு அந்தச் சான்றிதழ் எதுவும் இல்லை.

நான்கு ஸ்ட்ரட்டும் ஒழுகி, பம்பும் போய்விட்ட வண்டியாக இருந்தால் கிட் போடுகிறவரை நான் குறை சொல்ல மாட்டேன். வண்டி குப்பைக்குப் போவதைவிட ஓடுவது மேல். ஆனால் என் வண்டியில் என்ன போயிருக்கிறது என்று இதுவரை யாருமே சரியாகப் பார்க்கவில்லை. முதலில் அதைப் பார்க்க வேண்டும்.

இன்ச் டேப்பிலிருந்து ஆரம்பித்தேன். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை, நான்கு மூலையிலும், இரவு ஒருமுறை, காலை ஒருமுறை. ஐந்து நாள் எழுதினேன். மூன்று மூலைகளில் இரண்டு மூன்று மி.மீ. வித்தியாசம்தான். முன் இடதில் மட்டும் ஒரே இரவில் 40 மி.மீ. இறங்குகிறது. அந்த ஆயில் எங்கே போகிறது? சக்கரத்துக்குப் பின்னால் விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். ஸ்ட்ரட்டின் ரப்பர் உறை காய்ந்து கிடந்தது, தரையிலும் ஒரு சொட்டு இல்லை. டாங்கின் அளவுக்குச்சியை இரவும் காலையும் பார்த்தபோது விடை கிடைத்தது. காலையில் மட்டம் ஏறியிருந்தது. ஆயில் வெளியே ஒழுகவில்லை, உள்வழியாகவே டாங்குக்குத் திரும்புகிறது. இன்ஜின் நின்றதும் சிலிண்டருக்குள் ஆயிலைப் பூட்டி வைக்க வேண்டிய ஸ்டாப் வால்வு பூட்டவில்லை. அப்படியானால் ஸ்ட்ரட்டில் குற்றமில்லை. பட்டறைக்காரர்கள் பட்டியலில் முதலாவதாக எழுதியது அந்த ஸ்ட்ரட்டைத்தான்.

அடுத்தது அழுத்தம். இங்கே மணிக்கணக்கில் வாடகைக்கு லிஃப்ட் தரும் பட்டறைகள் உண்டு. நம் வண்டியை நாமே ஏற்றி வேலை பார்க்கலாம், கருவிகளும் கிடைக்கும். நான் போகும் இடத்தை நடத்துகிற பெரியவர் ஓய்வுபெற்ற மெக்கானிக், கை சுத்தமானவர். அவரிடம் இந்த வண்டிக்கான டயக்னாஸ்டிக் கருவி இருந்தது. ஏபிசியின் அழுத்தம் 200 பார் வரை போகும். வண்டி டயரில் இருப்பது இரண்டரை பார் என்பதை வைத்துக் கணக்குப் பண்ணிப் பாருங்கள். என் வண்டியில் முள் ஒரு இடத்தில் நிற்காமல் 140க்கும் 190க்கும் நடுவே துடித்தது. இன்ஜினை நிறுத்திய அடுத்த கணமே தடாலென்று கீழே விழுந்தது. பெரியவர் திரையைப் பார்த்துவிட்டு, "உருண்டைகள் செத்துவிட்டன" என்றார்.

உருண்டை என்று அவர் சொன்னது அக்யூமுலேட்டரை. இரும்பு உருண்டை, உள்ளே ரப்பர் சவ்வு, சவ்வுக்கு ஒரு பக்கம் நைட்ரஜன், மறுபக்கம் ஆயில். பம்ப் துடித்துத் துடித்துத் தள்ளும் ஆயிலை வாங்கி நிதானப்படுத்துவதும், திடீரென்று நிறைய ஆயில் தேவைப்படும்போது சேமிப்பிலிருந்து தருவதும் இதன் வேலை. பம்புக்குப் பக்கத்தில் ஒன்று, முன் அச்சுக்கு ஒன்று, பின் அச்சுக்கு ஒன்று, திரும்பும் வழியில் ஒன்று. வருடங்கள் போகப் போக நைட்ரஜன் சவ்வு வழியாகக் கசிந்துவிடும். நைட்ரஜன் போன பிறகு சவ்வு மெத்தைபோல அமுங்காமல் அடிபட்டுக் கிழியும். அதற்கப்புறம் பம்பின் ஒவ்வொரு துடிப்பும் ஹோஸிலும் வால்விலும் நேரடியாக விழும். ஸ்டியரிங்கில் நான் உணர்ந்த நடுக்கமும் இதுதான். ஹோஸ் வெடிப்பது, பம்ப் போவது எல்லாம் பெரும்பாலும் இதன் தொடர்ச்சி. உருண்டைகளைக் காலத்தில் மாற்றியிருந்தால் மற்ற செலவு பாதி வந்திருக்காது.

முதல் சனிக்கிழமை டாங்க் மூடியைத் திறந்து உள்ளே இருந்த ஃபில்டரை எடுத்தோம். கூட வந்தது என்னோடு வேலை பார்க்கும் மதுரைக்காரத் தம்பி. புது ஆயில் நல்ல பச்சை நிறம், பென்டோசின் சிஹெச்எஃப் 11எஸ். என் டாங்கில் இருந்தது மூன்று முறை கொதித்த காபி டிக்காஷன் நிறம். ஃபில்டரை வெள்ளைத் துணியில் தட்டியபோது கறுப்பு கறுப்பாகத் துகள்கள் விழுந்தன. ஒன்றை எடுத்து நகத்துக்கு நடுவே வைத்து நசுக்கினேன். நசுங்கி, விட்டதும் பழையபடி விரிந்தது. ரப்பர். ஏதோ ஒரு உருண்டையின் சவ்வு கிழிந்து இத்தனை நாளாக ஆயிலோடு வண்டி முழுக்கச் சுற்றியிருக்கிறது. தம்பி அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அண்ணே, அந்த வால்வுலயும் இதுதாண்ணே மாட்டிருக்கும்" என்றான். அவன் சொன்னது சரி என்று மூன்றாவது சனிக்கிழமை தெரிந்தது.

இரண்டாவது வாரம் உருண்டைகள். இதில் கை வைக்கப் போகிறவர்களுக்கு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 150, 200 பாரில் ஊசிமுனை ஓட்டை வழியாக வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது. ஆனால் உள்ளே சதை அழுகத் தொடங்கும், விரலையே எடுக்க வேண்டி வரலாம். அப்படி ஏதாவது பட்டால் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போகாமல் நேராக அவசர சிகிச்சைக்குப் போய், ஹைட்ராலிக் ஆயில் அழுத்தத்தோடு உள்ளே போயிருக்கிறது என்று சொல்ல வேண்டும். கருவியில் அழுத்தம் சுழியம் என்று பார்த்த பிறகே நாங்கள் ஸ்பேனரை எடுத்தோம். அதன் பிறகும் ஒவ்வொரு நட்டையும் துணியால் மூடிக்கொண்டு கால் சுற்று விட்டுக் காத்திருந்தோம். வண்டி லிஃப்டில், சக்கரங்கள் தொங்கிய நிலையில். தரையில் நிற்கும் வண்டியில் ஸ்ட்ரட் லைனைத் திறந்தால் அந்த மூலை ஒரே அடியாகக் கீழே இறங்கும், அடியில் கை இருந்தால் கதை முடிந்தது.

சக்கர உள்வளைவின் பிளாஸ்டிக் லைனரைக் கழற்றினால் முன் உருண்டை தெரியும். இருபது வருடத்து உப்புச் சேறு நட்டு எது குழாய் எது என்று தெரியாமல் மூடியிருந்தது. இங்கே குளிர்காலத்தில் சாலையில் உப்பு கொட்டுவார்கள், வண்டியின் அடிப்பாகத்துக்கு எமன் அதுதான். பிரஷும் காற்றும் வைத்துச் சுத்தம் செய்யவே ஒன்றரை மணி நேரம் போனது. அந்த நேரம் வீணில்லை. திறந்த வாயில் ஒரு மணல் விழுந்தால் அது நேராக வால்வுக்குத்தான் போகும். குழாய் நட்டுகளுக்கு ஃபிளேர் நட் ஸ்பேனரே வேண்டும். சாதா ஸ்பேனர் போட்டால் முனை வழுக்கி நட்டு வட்டமாகிவிடும்.

கழற்றிய உருண்டையின் வாயில் மொட்டையான ஒரு மரக்குச்சியை மெதுவாக விட்டுப் பார்க்கலாம். நைட்ரஜன் இருந்தால் சவ்வு வாயருகிலேயே இறுக்கமாக நிற்கும், குச்சி உள்ளே போகாது. என்னிடம் இருந்த பம்பு உருண்டையில் குச்சி விரல் நீளத்துக்கு எந்தத் தடையும் இல்லாமல் போனது. தலைகீழாகக் கவிழ்த்தபோது கறுப்பு ஆயில் கொடகொடவென்று கொட்டியது, கடைசியில் ஒரு ரப்பர்த் துண்டு வாயில் வந்து ஒட்டியது. முன் அச்சு உருண்டையும் அப்படியே. பின் அச்சில் இருந்தது பாதி உயிரோடு இருந்தது. திரும்பும் வழியில் இருந்தது மட்டும் ஓரளவு நன்றாக இருந்தது, ஆனாலும் நான்கையும் மாற்றினேன். பழையவற்றை அறுத்துப் பார்க்க ஆசையாக இருந்தது. உயிர் இருக்கும் உருண்டையில் அழுத்தம் இருக்கும், அறுக்கவும் கூடாது சூடாக்கவும் கூடாது. பெரியவரே அவற்றை வாங்கித் தனிப் பெட்டியில் போட்டுக்கொண்டார்.

மூன்றாவது சனிக்கிழமைதான் நான் பயந்துகொண்டிருந்த வேலை. முன் வால்வு பிளாக். உள்ளங்கை இரண்டையும் சேர்த்து வைத்த அளவுள்ள அலுமினியக் கட்டி. ஒவ்வொரு பக்கச் சக்கரத்துக்கும் இரண்டு வால்வு, மொத்தம் நான்கு. ஒன்று ஆயிலை அளந்து விடும், மற்றொன்று வண்டி நின்றதும் பூட்டும். கழற்றுவதற்கு முன் பத்துப் பன்னிரண்டு போட்டோ எடுத்தேன். ஒவ்வொரு வயருக்கும் ஒட்டுத்தாளில் எண். வீட்டில் சாப்பாட்டு மேசையில் வெள்ளை பிளாஸ்டிக் விரித்து, ஜன்னலைச் சாத்தி, நூல் பிரியாத துணியும் பிரேக் கிளீனரும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஒரு வால்வு வெளியே வந்தால் அது எந்தத் துளையிலிருந்து வந்ததோ அந்த எண்ணுள்ள கிண்ணத்தில் மட்டும்தான் போகும். இடம் மாற்றி மாட்டக்கூடாது.

முன் இடது ஸ்டாப் வால்வு வந்தபோது முதலில் ஒன்றும் தெரியவில்லை. அதன் இடுப்பைச் சுற்றி ஒரு நுண்ணிய கம்பி வலை உண்டு. பூதக்கண்ணாடியில் பார்த்தபோது வலையின் ஒரு ஓரம் கிழிந்திருந்தது. விளக்கைச் சாய்த்துப் பிடித்து உட்காரும் வளையத்தைப் பார்த்தேன். எள்ளில் பாதி அளவு ஒரு கறுப்புத் துணுக்கு, அரைவட்டமாக, வால்வுக்கும் அதன் இருக்கைக்கும் நடுவே அழுந்தி உட்கார்ந்திருந்தது. மரப்பல்குத்தியால் தொட்டதும் துணியில் விழுந்தது. 1,800 கிலோ வண்டியின் ஒரு மூலையை ஒவ்வோர் இரவும் தரைக்கு இறக்கியது அந்தத் துணுக்கு. தம்பி அதை ஒரு செல்லோடேப்பில் ஒட்டி என் குறிப்பு நோட்டில் வைத்தான். இன்னும் இருக்கிறது.

ஓ-ரிங்குகள் கடினமாகி, வட்ட வடிவம் போய்ச் சப்பையாகியிருந்தன. இந்த ஆயிலுக்கும் அழுத்தத்துக்கும் ஏற்ற ரிங்குகள் கொண்ட ரிப்பேர் செட் வாங்கி வைத்திருந்தேன். கடையில் கிடைக்கும் சாதா ஓ-ரிங்கை அளவு பார்த்துப் போடும் இடமில்லை இது. சில ரிங்குகளுக்குப் பக்கத்தில் மெல்லிய வெள்ளை டெஃப்லான் வளையமும் வரும், அழுத்தத்தில் ரப்பர் பிதுங்காமல் தாங்குவது அதுதான். அது ரிங்கின் எந்தப் பக்கத்தில் இருந்தது என்பதைப் பார்த்து அப்படியே போட வேண்டும். ரிங்குகளைப் புது ஆயிலில் நனைத்து மாட்டினோம். வலை கிழிந்த வால்வுக்கு மட்டும் பழைய பிளாக் ஒன்றிலிருந்து எடுத்த நல்ல வால்வு. பின் பிளாக் பூட்டுவதில் குறை இல்லை, ஆனாலும் ரப்பர்த் துகள் அங்கேயும் போயிருக்கும் என்று அதையும் இறக்கி அதே வேலை பார்த்தோம். வலைகளில் இரண்டில் கறுப்பு படிந்திருந்தது.

பம்பிலிருந்து போகும் உயர் அழுத்த ஹோஸ், அதன் முனையை இறுக்கிப் பிடிக்கும் உலோகக் கிரிம்ப் அருகே வியர்த்திருந்தது. ஹைட்ராலிக் ஹோஸ் கடையில் நீளம் கொடுத்தால் அழுத்திக் கொடுப்பார்கள், வேலை செய்யும் அழுத்தத்தைப் போல நான்கு மடங்கு ஏறினால்தான் வெடிக்கும் என்ற கணக்கில் அந்த ஹோஸ்கள் வருகின்றன. இருந்தாலும் இந்த ஒன்றுக்கு அசல் ஹோஸையே வாங்கினேன். பம்பின் துடிப்பை விரிந்து சுருங்கி வாங்கிக்கொள்ளும்படி செய்யப்பட்ட ஹோஸ் அது. வெறும் பலமான ஹோஸ் போட்டால் அந்த வேலை நடக்காது. நான்காவது சனிக்கிழமை அதை மாட்டுவதோடும் எல்லாவற்றையும் திருப்பிப் பூட்டுவதோடும் போனது.

ஐந்தாவது சனிக்கிழமை ஆயில். டாங்குக்குத் திரும்பி வரும் ஹோஸைக் கழற்றி ஒரு கேனுக்குள் விட்டு, டாங்கின் அந்த வாயை அடைத்தோம். தம்பி சாவியில், நான் டாங்கின் மேல் புனலோடு. இன்ஜின் ஓடும் சில விநாடிகளில் டாங்கில் உள்ளது காலியாகிவிடும், காலியானால் பம்ப் காற்றை உறிஞ்சிப் பாழாகும். நான் இடது கையைத் தூக்கினால் ஸ்டார்ட், இறக்கினால் நிறுத்தம். இரண்டு லிட்டர் ஊற்றுவது, ஐந்தாறு விநாடி, நிறுத்துவது, மறுபடி ஊற்றுவது. கேனில் முதலில் டிக்காஷன், பிறகு பழுப்பு, பிறகு அழுக்குப் பச்சை. பக்கத்திலேயே பவர் ஸ்டியரிங் டாங்கும் இருக்கிறது. இரண்டும் தனித்தனி ஆயில், மாற்றி ஊற்றினால் சீல்கள் போகும். அதனால் ஸ்டியரிங் மூடியின் மேல் சிவப்பு டேப் ஒட்டிவிட்டேன். மொத்தம் 12 லிட்டர் போனது. கழுவுவதற்கென்று 3 மைக்ரான் ஃபில்டர் போட்டு, பிறகு வழக்கமான 10 மைக்ரான் ஃபில்டருக்கு மாறினோம்.

கசிவு பார்க்க ஒரு அட்டையை எடுத்து ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே நகர்த்தினோம், கையால் தடவக்கூடாது. முன் பிளாக்கில் ஒரு நட்டுக்குக் கீழே அட்டை கறுத்தது. நான் அந்த நட்டைக் கையால் திருகிவிட்டு ஸ்பேனர் போட மறந்திருக்கிறேன். மறுபடி நிறுத்தி, அழுத்தம் இறக்கி, இறுக்கி, மறுபடி பார்த்தோம். அட்டை காய்ந்தே இருந்தது.

டாங்கிலிருந்து சிலிண்டர் வரை ஆயில் மாறினாலும் ஸ்ட்ரட்டுக்குள் கிடக்கும் பழசு அப்படியே இருக்கும். அதற்கு டயக்னாஸ்டிக் கருவியில் ரோடியோ என்று ஒரு கட்டளை உண்டு. வண்டியை வெளியே கொண்டுவந்து நிறுத்தி, கதவுகளைச் சாத்தி, பெரியவர் பட்டனை அழுத்தினார். முன்பக்கம் எழுந்தது, அமர்ந்தது. பின்பக்கம் எழுந்தது, அமர்ந்தது. அப்புறம் ஒவ்வொரு மூலையாக. மாட்டுப் பொங்கலுக்குக் குளிப்பாட்டிவிட்ட காளை உடம்பைச் சிலிர்த்துக்கொள்வது போல இருந்தது. பக்கத்து லிஃப்டுகளில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் கையில் ஸ்பேனரோடு வந்து நின்று பார்த்தார்கள். ஐந்து வாரமாகச் சேற்றிலும் ஆயிலிலும் படுத்து எழுந்ததற்கு, அந்த இரண்டு நிமிடம் எனக்குப் போதுமாக இருந்தது. அழுத்தம் 190இல் ஏறி அசையாமல் நின்றது. இன்ஜினை நிறுத்திய பிறகும் உடனே விழாமல் நிதானமாக இறங்கியது.

கடைசியில் உயரத்தைச் சரிபார்க்க வேண்டும். இதற்கு இன்ச் டேப் போதாது. சக்கரத்தை அடியில் பிடித்திருக்கும் கீழ்க்கை எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று கோணமானியில் அளந்து அதைக் கருவியில் ஏற்ற வேண்டும். பெரியவர் தன் கோணமானியைக் கொண்டுவந்து அவரே அளந்தார். அவர் எண்களைச் சொல்லச் சொல்ல நான் கருவியில் தட்டினேன்.

அன்று மாலையே ஸ்வேபியன் ஆல்ப் மலைப்பாதையில் ஏற்றினேன். கொண்டையூசி வளைவுகளில் தம்பி இருக்கையில் சாயாமல் உட்கார்ந்திருந்தான். வண்டி வளைகிறது என்பது ஸ்டியரிங்கைப் பார்த்தால்தான் தெரிந்தது. ஸ்டியரிங்கில் நடுக்கம் துளியும் இல்லை. கல் பாவிய பழைய தெருவில் சக்கரம் தடதடக்கும் சத்தம் கேட்கிறது, உடம்புக்கு வரவில்லை. கிட் போட்டிருந்தால் இந்த வண்டியில் இதெல்லாம் இருந்தது என்பதே எனக்குத் தெரியாமல் போயிருக்கும்.

ஒரு குளிர்காலம் தாண்டிவிட்டது. உறைபனி இரவுகளிலும் அளந்து எழுதினேன். நேற்றுக் காலைக் கணக்கு: முன் இடது 2 மி.மீ. இறக்கம், முன் வலது 2, பின் இடது 1, பின் வலது 4. ஃபில்டரைத் திறந்து பார்த்ததில் துணியில் ஒரு துகள்கூட இல்லை, ஆயில் பச்சையாகவே இருக்கிறது. பின் வலது ஸ்ட்ரட்டின் ரப்பர் உறையை அழுத்தினால் உள்ளே கொஞ்சம் ஈரம் தெரிகிறது, சீல் வியர்க்க ஆரம்பித்திருக்கிறது. இது நிஜமாகவே ஸ்ட்ரட் வேலைதான். புதுப்பித்த ஸ்ட்ரட் ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறேன். ஏப்ரலில் உப்பு போடுவது நின்றதும் லிஃப்டுக்கு நாள் கேட்டிருக்கிறேன், தம்பியும் வருகிறேன் என்றிருக்கிறான்.